ஃபைன் டைனிங் உணவகத்தில் செட் லஞ்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய உணவகத்துக்கு முதல் முறையாகப் போக நினைக்கும் நண்பர்களுக்கு நான் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வேன்: இரவுக்குப் போகாதீர்கள், மதியம் செட் லஞ்சுக்குப் போங்கள். சொன்ன உடனே கேள்விகள் வரும். விலையைப் பற்றி, உடையைப் பற்றி, முட்கரண்டியைப் பற்றி. பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செட் லஞ்ச் என்றால் என்ன?

உணவகம் முன்கூட்டியே அமைத்து, மொத்தத்துக்கும் ஒரே விலை போட்டிருக்கும் மதியச் சாப்பாடு. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கோர்ஸ்: ஸ்டார்ட்டர், மெயின், டெசர்ட். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தேர்வுகள் இருக்கும். சில இடங்களில் தேர்வே இருக்காது. பிடித்ததை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கொடுப்பது அ லா கார்ட். செஃப் தீர்மானித்த வரிசையில் சின்னச் சின்னதாக எட்டு, பத்து தட்டுகள் வருவது டேஸ்டிங் மெனு.

செட் லஞ்சை மலிவுப் பதிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் இதுதான் மூத்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் இன்று நாம் அறிந்த வகை உணவகங்கள் தோன்றுவதற்கு முன்பு, விடுதிகளில் ‘தாப்ல் தோத்’ என்ற முறை இருந்தது. விருந்தளிப்பவரின் மேசை என்று பொருள். குறித்த நேரத்தில், ஒரே பெரிய மேசையில், அன்று சமைத்ததை எல்லோரும் சாப்பிட வேண்டும், விலையும் ஒன்றே. தனி மேசை, அச்சடித்த பட்டியல், விரும்பியதைக் கேட்டு வாங்குவது எல்லாம் அப்புறம் வந்த புதுமைகள்.

அதே உணவகத்தில் இரவைவிட மதியம் விலை குறைவாக இருப்பது ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பின்னால் ஏதோ தந்திரம் இருக்கும் என்ற சந்தேகமும் கூடவே வரும். தந்திரம் ஒன்றும் இல்லை, கணக்குதான்.

இரவு உணவுக்கான வேலை காலையிலேயே தொடங்கிவிடுகிறது. எலும்பும் காய்கறியும் போட்ட ஸ்டாக் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும், ரொட்டி மாவு புளிக்க வேண்டும், மீன் சுத்தம் செய்ய வேண்டும். ஆட்களும் இருக்கிறார்கள், அடுப்பும் எரிகிறது. வாடகையோ இரவுக்கும் பகலுக்கும் சேர்த்துத்தான் போகிறது. மதியம் நிரம்பும் ஒவ்வொரு மேசையும் அந்தச் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறது. காலியாகக் கிடக்கும் மேசையால் யாருக்கும் பயனில்லை.

அடுத்தது, வகைகள் குறைவு என்பதால் எவ்வளவு வாங்க வேண்டும் என்பது சமையலறைக்குத் தெரியும். வீணாவது குறையும். அப்புறம் பொருட்கள். விலை உயர்ந்த துண்டுகளை இரவுக்கு வைத்துவிட்டு, மதியத்துக்குத் தோள்பட்டை, கன்னம் மாதிரியான இறைச்சித் துண்டுகளையும், அந்தப் பருவத்தில் நிறையக் கிடைக்கும் காய்கறிகளையும் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, மதியம் வந்து மகிழ்ந்தவர் ஒருநாள் இரவுக்கும் வருவார் என்ற நம்பிக்கை.

அப்படியென்றால் தரமும் குறையுமா?

நல்ல இடத்தில் குறையாது. சொல்லப்போனால் ஒரு சமையலறையின் கைத்திறன் எனக்கு மதியத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. விலை உயர்ந்த மென்மையான துண்டு என்றால் பாதி வேலையைப் பொருளே செய்துவிடும். கன்னத்துண்டு அப்படி இல்லை. நாள் முழுக்க அசைபோட்ட தசை அது, கொலாஜன் என்ற நார்ப்பொருள் நிறைந்தது. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வெந்தால்தான் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாக உருகும். அப்புறம் கரண்டி பட்டாலே பிரியும் பதம் வரும். அவசரப்பட்டால் தோல் மாதிரி ஆகிவிடும். பொறுமை இருந்ததா என்பதை முதல் வாயே சொல்லிவிடும்.

ஒரு முறை எனக்கு வந்த ஸ்டார்ட்டரில் கேரட் மட்டுமே. வறுத்தது ஒன்று, பச்சையாக மெல்லச் சீவியது ஒன்று, சாற்றைத் தேன்பதத்துக்குச் சுண்டவைத்தது ஒன்று. தெரிந்த காய்தான். ஆனால் அதில் இவ்வளவு இனிப்பும் மண்வாசனையும் ஒளிந்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தட்டை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: உணவகத்தின் பெயர் பெற்ற தட்டுகள் மதிய மெனுவில் இல்லாமல் போகலாம். தலைமை செஃப் அன்று அங்கே இல்லாமலும் இருக்கலாம். அதற்காகக் கவலைப்படாதீர்கள். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் ‘பிரிகேட்’ முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒகுஸ்த் எஸ்கோஃபியே சீர்ப்படுத்தினார். ஒருவர் இல்லாவிட்டாலும் தட்டு அப்படியே வர வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஒழுங்கு.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மூன்று கோர்ஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இரண்டு கோர்ஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்று மணிக்கு ஒரு மீட்டிங் வைத்துக்கொண்டு ஒன்றரை மணிக்குப் போய் உட்காராதீர்கள். கண் கடிகாரத்துக்குப் போய்விட்டால் நாக்குக்கு எதுவும் தெரியாது. கட்டாயம் சீக்கிரம் கிளம்ப வேண்டுமானால், உட்கார்ந்தவுடனே வெயிட்டரிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். சமையலறை அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும்.

முன்பதிவு செய்யும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

முதலில், நீங்கள் நினைக்கும் நாளில் செட் லஞ்ச் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் வார நாட்களில் மட்டும்தான் இருக்கும். எத்தனை பேர், குழந்தை வருகிறதா, சக்கர நாற்காலிக்கு வழி வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். டெபாசிட் கேட்டால், எப்போது வரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். போக முடியாமல் போனால் தயவுசெய்து அழைத்துச் சொல்லுங்கள். உங்களுக்காக வாங்கிய மீன் அங்கே காத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சாப்பிடக் கூடாதவை. அதற்குத் தனியாகவே பதில் தருகிறேன்.

எனக்கு ஒவ்வாமை இருக்கிறது. அல்லது நான் சைவம். சமாளிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், முன்னாலேயே சொன்னால். செட் மெனுவின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: எல்லாம் முன்கூட்டியே தயாராகிறது. காலையில் செய்த சாஸில் இருக்கும் வெண்ணெயை மதியம் ஒரு மணிக்கு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டு நாள் முன்பு தெரிந்தால் உங்களுக்கென்று வேறொன்று செய்துவிடுவார்கள்.

சொல்லும்போது மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்: ஒவ்வாமை, கொள்கை காரணமாகச் சாப்பிடாதது, வெறுமனே பிடிக்காதது. ஒவ்வாமை என்றால் சமையலறையில் தனிக் கத்தி, தனிப் பலகை, தனிப் பாத்திரம் என்று ஒரு ஏற்பாடே தொடங்கும். காளான் பிடிக்காது என்பதற்காக ‘ஒவ்வாமை’ என்று சொன்னால், பத்துப் பேரை வீணாக ஓடவைக்கிறீர்கள். உண்மையிலேயே ஒவ்வாமை உள்ளவரின் வார்த்தைக்கு இருக்கும் எடையையும் குறைக்கிறீர்கள். பிடிக்காது என்று நேராகச் சொன்னாலே மாற்றித் தருவார்கள்.

சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தட்டில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காய்கறி சூப் கோழி ஸ்டாக்கில் செய்ததாக இருக்கும். டெசர்ட்டில் ஜெலட்டின் இருக்கலாம். சில பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள். அதனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்வது போதாது; ஸ்டாக், ஜெலட்டின், ரென்னெட் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

என்ன உடுத்துவது?

சுத்தமான, நீங்கள் வசதியாக இருக்கும் உடை. மதியத்தில் இரவு அளவுக்குக் கெடுபிடி இருப்பதில்லை. உடை விதி இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிடுவார்கள். கனமான வாசனைத் திரவியம் மட்டும் வேண்டாம். பக்கத்து மேசைக்காரரின் சாப்பாட்டு மணத்தையும் அது கெடுத்துவிடும்.

இத்தனை கத்தியும் முட்கரண்டியும் எதற்கு? எதை முதலில் எடுப்பது?

வெளியிலிருந்து உள்ளே. தட்டிலிருந்து மிகத் தள்ளி இருப்பது முதல் கோர்ஸுக்கு, அடுத்தது இரண்டாவதற்கு. தட்டுக்கு மேலே படுக்கைவசத்தில் இருப்பது டெசர்ட்டுக்கு. இடப்பக்கத்துச் சின்னத் தட்டு உங்கள் ரொட்டிக்கு. வலப்பக்கத்து டம்ளர் உங்கள் தண்ணீருக்கு. தவறாக எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. வெயிட்டர் சத்தமில்லாமல் வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பார்.

இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பழைய பிரெஞ்சு விருந்துகளில் எல்லா உணவையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி வைப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் வாயில் வைக்கும்போது பாதி ஆறிப்போயிருக்கும். ஒன்று முடிந்தபின் ஒன்றாகச் சுடச்சுடப் பரிமாறும் வழக்கம் ‘ரஷ்ய முறை’ என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பரவியது. பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த அலெக்சாண்டர் குராகின் அதை அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. ‘கோர்ஸ்’ ஒவ்வொன்றாக வருவதும், அந்த வரிசையிலேயே முட்கரண்டிகள் அடுக்கியிருப்பதும் அதிலிருந்து வந்ததுதான்.

சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முட்கரண்டியையும் பக்கத்தில் பக்கமாகத் தட்டில் வையுங்கள். எடுத்துப் போகலாம் என்று அர்த்தம். நடுவில் கொஞ்சம் ஓய்வு என்றால் பிரித்து வையுங்கள். பேச்சில் மூழ்கி இதை மறந்தால், பாதிச் சாப்பாட்டிலேயே தட்டு போய்விடும்.

மெனுவில் இருக்கும் சொற்கள் புரியவில்லையே?

கேளுங்கள். கேட்பவரை வெயிட்டர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தட்டையும் அவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அடிக்கடி கண்ணில் படும் சில சொற்கள் மட்டும் இங்கே. ‘ழூ’ என்றால் இறைச்சி வறுபடும்போது வடியும் சாற்றிலிருந்து செய்த மெல்லிய குழம்பு. ‘கான்ஃபி’ என்றால் கொழுப்பிலோ எண்ணெயிலோ மூழ்கவைத்து மெதுவாக வேகவைத்தது. ‘வெலூட்டே’ வெல்வெட் போல வழவழப்பான சூப் அல்லது சாஸ். ‘சூ வீட்’ என்றால் காற்றை உறிஞ்சி மூடிய பையில் போட்டு, சூடு ஒரே அளவில் நிற்கும் தண்ணீரில் வேகவைப்பது.

‘கான்சொமே’ என்று பார்த்தால் ஒரு முறையாவது வாங்குங்கள். தேநீர் போலத் தெளிந்த சூப் அது. ஆறிய ஸ்டாக்கில் முட்டை வெள்ளைக்கருவும் கொத்திய இறைச்சியும் கலந்து மெதுவாகச் சூடேற்றுவார்கள். வெள்ளைக்கரு உறைந்து, கலங்கலையெல்லாம் பிடித்துக்கொண்டு, ஒரு தெப்பம் போல மேலே மிதக்கும். அடியில் இருக்கும் தெளிவை மட்டும் கலங்காமல் வடித்தெடுப்பார்கள். கிண்ணத்தின் அடி தெரியும். சுவை மட்டும் அடர்த்தியாக இருக்கும்.

நான் கேட்காத தட்டு வருகிறதே, அதற்குக் காசு உண்டா?

ஆரம்பத்தில் வரும் ஒரே வாய் அளவுள்ள பண்டம் ‘அமூஸ் பூஷ்’. செஃப் சொல்லும் வணக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் காபியோடு வரும் குட்டி இனிப்புகள் ‘பெட்டி ஃபோர்’. அமூஸ் பூஷுக்குக் காசு வாங்குவதில்லை. பெட்டி ஃபோர் சில இடங்களில் காபியின் விலையோடு சேர்ந்து வரும். ரொட்டி, தண்ணீர் இரண்டுக்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. பாட்டில் தண்ணீரா, சாதாரணத் தண்ணீரா என்று கேட்டால் தயங்காமல் வேண்டியதைச் சொல்லுங்கள்.

ரொட்டி விஷயத்தில் ஒரு வேண்டுகோள்: பசியோடு போய் முதல் பத்து நிமிடத்தில் மூன்று துண்டு சாப்பிட்டுவிடாதீர்கள். ஒன்றைச் சுவையுங்கள், இன்னொன்றை மெயின் தட்டின் சாஸைத் துடைத்தெடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் இருப்பது இத்தனூண்டு. வயிறு நிறையுமா?

நிறையும். ஒரு தட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரொட்டி, அமூஸ் பூஷ், மூன்று கோர்ஸ், கடைசி இனிப்பு என்று இரண்டு மணி நேரத்தில் சேரும் அளவு குறைவானதில்லை. மெதுவாகச் சாப்பிடுவதால் போதும் என்ற உணர்வும் சரியான நேரத்தில் வந்துவிடும். காலையில் பட்டினி கிடக்க வேண்டாம். இலேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கொலைப்பசியில் எதுவுமே ருசியாகத்தான் இருக்கும், நுணுக்கம் தெரியாது.

மது அருந்த மாட்டேன். சங்கடமாக இருக்குமா?

இருக்காது. ‘மது வேண்டாம், சாப்பாட்டோடு சேர்வதாக வேறு என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். பழச்சாறு, புளிக்கவைத்த தேநீர், மூலிகை நீர் என்று ஒவ்வொரு கோர்ஸுக்கும் பொருத்தமாகத் தருகிற இடங்கள் இப்போது நிறைய.

ஒயின் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது அது கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கார்க்கில் உண்டாகும் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் கலந்திருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். அப்படி வந்தால் சொல்லுங்கள், வேறு பாட்டில் திறப்பார்கள். ஒயின்களைப் பார்த்துக்கொள்ளும் சோமலியேயிடம் உங்கள் பட்ஜெட்டைச் சொல்வதில் வெட்கமே வேண்டாம். பட்டியலில் ஒரு விலையைத் தொட்டுக்காட்டி ‘இந்த அளவில்’ என்றால் போதும்.

பில்லில் எதைக் கவனிக்க வேண்டும்?

மெனுவில் சில தட்டுகளுக்குப் பக்கத்தில் ‘சப்ளிமெண்ட்’ என்று இருந்தால், அதற்குக் கூடுதல் விலை. பானங்களும் காபியும் பெரும்பாலும் செட் விலைக்குள் வராது. வரி, சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருந்தால் டிப்ஸ் உங்கள் விருப்பம். செட் லஞ்ச் விலையைப் பார்த்துவிட்டுப் போய், இரண்டு பானமும் ஒரு சப்ளிமெண்ட்டும் சேர்ந்து பில் ஒன்றரை மடங்கான கதை நண்பர்கள் பலருக்கு உண்டு.

தனியாகப் போகலாமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த மதியங்களில் பாதி தனியாகப் போனவை. பேச ஆள் இல்லாததால் முழுக்கவனமும் தட்டுக்குப் போகும். சமையலறையைப் பார்த்த மேசையோ கவுண்டர் இருக்கையோ உண்டா என்று கேளுங்கள். தட்டுகளை முடித்து அனுப்பும் இடத்தை ‘பாஸ்’ என்பார்கள். அங்கே ஒருவர் தட்டின் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, ‘சரி, போகலாம்’ என்று தலையசைப்பதைப் பார்க்கக் கிடைக்கும். கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

படம் எடுக்கலாமா?

எடுங்கள், ஃப்ளாஷ் இல்லாமல், ஒன்றிரண்டு. சூடான தட்டு நிமிடத்துக்கு நிமிடம் ஆறிக்கொண்டிருக்கிறது.

சாப்பாடு சரியில்லை என்றால் சொல்லலாமா?

சொல்ல வேண்டும், அதுவும் இரண்டாவது வாயிலேயே. ஆரம்ப காலத்தில் ஓர் உணவகத்தில் எனக்கு வந்த மீன் நடுவில் வேகாமல் குளிர்ந்திருந்தது. வெயிட்டர் வந்து ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டபோது ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டேன். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு கனத்துப்போனது. சரிசெய்யும் வாய்ப்பை அவர்களுக்கு நான் கொடுக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

சில வருடம் கழித்து வேறோர் இடத்தில் இதே மாதிரி நடந்தது. இந்த முறை மெதுவாகச் சொன்னேன். என் தட்டோடு நண்பரின் தட்டையும் எடுத்துப் போனார்கள். அவர் தன்னுடையது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ‘இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டாமா?’ என்று சொல்லிவிட்டு, இரண்டையும் புதிதாகச் செய்து ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒரே மேசைக்குப் போகும் தட்டுகள் ஒரே நொடியில் முடிய வேண்டும் என்பது அங்கே அவ்வளவு முக்கியம். அதனால்தான், மெயின் வரும் நேரத்தில் நீங்கள் போன் பேச வெளியே போனால் உள்ளே எல்லாம் நின்றுவிடுகிறது. போவதாக இருந்தால் ஒரு தட்டு முடிந்தவுடன் போய்விட்டு வாருங்கள்.

மிச்சிலின் நட்சத்திரம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டுமா?

தேவையில்லை. 1900இல் மிச்சிலின் டயர் நிறுவனம், கார் ஓட்டுகிறவர்களுக்காக வெளியிட்ட இலவசக் கையேட்டில் தொடங்கியது இது. சிறந்த சமையலுள்ள உணவகங்களுக்கு அந்தக் கையேடு நட்சத்திரம் தரத் தொடங்கியது 1926இல். 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை. ஆய்வாளர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் வந்து சாப்பிடுவார்கள். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். அலங்காரத்துக்கும் மேசை விரிப்புக்கும் கிடையாது. நட்சத்திரம் உள்ள இடங்கள் பலவும் மதியத்தில் செட் லஞ்ச் தருகின்றன. எட்டிப் பார்க்க அதுதான் நல்ல வழி. அந்தக் கையேடு போகாத ஊர்களிலும் அருமையாகச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிடித்திருந்தால் எப்படிச் சொல்வது?

‘எல்லாம் சூப்பர்’ என்று சொன்னாலும் மகிழ்வார்கள். ஆனால் ஒரு தட்டைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘அந்த சாஸில் கடைசியில் ஒரு புளிப்பு வந்ததே, அது என்ன?’ வெயிட்டர் அதை அப்படியே பாஸுக்குக் கொண்டுபோவார். ஒருநாள் நான் இப்படிக் கேட்டதற்கு, சாஸ் பிரிவில் இருந்த இளம் சமையல்காரர் ஏப்ரனைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்துவிட்டார். சுண்டவைத்த ஆப்பிள் வினிகர் என்றார், இறக்குவதற்குச் சற்று முன்பு ஒரே ஒரு ஸ்பூன்.